இவன் வரலன்னா யாரு?

எந்தப் புதுப் பார்ட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்.

"சரி. இவன் வரலன்னா யாரு?"

பார்ட் என்றால் எதுவாகவும் இருக்கலாம். அரிசிமணியில் பாதிகூட இல்லாத ரெசிஸ்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னதான ரிலே, மூன்று கால் வைத்த ரெகுலேட்டர். அக்கா வாயில் எல்லாமே இவன்தான். இவனுக்குச் சூடு ஆகாது, இவன் விலை ஏத்திக்கிட்டே போவான், இவன் ஆளு நல்லவன் ஆனா வந்து சேர மாட்டான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில் பின்னால் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, யாரோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மும்பை செம்பூரில் ஓர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. கீழே பிளாஸ்டிக் மூடி செய்கிறவர்கள், பக்கத்தில் அட்டைப்பெட்டிக்காரர்கள், நடுவில் நாங்கள். சொசைட்டிக் கட்டடங்களில் மொட்டைமாடித் தொட்டி காலியானால் பம்பைப் போட்டு, நிரம்பினால் நிறுத்துகிற கார்டுதான் எங்கள் சரக்கு. கம்ப்யூட்டரில் சர்க்யூட்டை வரைந்து, கார்டின் மேல் எதை எங்கே உட்கார வைப்பது என்று பார்ப்பது என் வேலை. வரைவதற்கு வேண்டிய ஒவ்வொரு பார்ட்டும் சாஃப்ட்வேருக்குள் லைப்ரரி என்கிற ஒரு கிடங்கிலிருந்து வர வேண்டும். பார்ட்டின் படம், அதன் கால்கள் உட்காரும் இடம், செய்கிற கம்பெனி கொடுத்த நம்பர் எல்லாம் அங்கே இருக்கும். கடைசியில் ஆல்டர்னேட் என்று ஒரு கட்டம். இது கிடைக்காவிட்டால் இதன் இடத்தில் எதைப் போடலாம் என்பதற்காக. நான் வரைந்து முடித்ததும் கிடங்கில் இருப்பதை வைத்துத்தான் பார்ட்ஸ் லிஸ்ட் தயாராகும், அந்த லிஸ்டை வைத்துத்தான் சாமான் வாங்குவார்கள். லைப்ரரியில் தப்பு என்றால் எல்லாம் தப்பு. அதைக் காத்தது அக்கா. இப்போது அவர் இல்லை, லைப்ரரி என் கையில் இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே கிடக்கும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அக்காவிடம் காலிக் கட்டத்தோடு ஒரு பார்ட்டும் உள்ளே போக முடியாது. கெஞ்சலாம், முதலாளியான சேட்டை விட்டுச் சொல்லச் சொல்லலாம், நடக்காது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிக்கும் பையில் இன்னொரு கண்ணாடி இருந்தது. குடை வீட்டில் ஒன்று, ஆபீஸில் ஒன்று. சீத்தா கேம்பிலிருந்து வருகிறவர் ஒருநாள் நேர் பஸ்ஸில் வந்தால் மறுநாள் மான்குர்த் போய் ரயிலில் வருவார். சுற்றுவழிதானே, எதற்கு என்று கேட்டதற்கு, "வழி மறந்துரும்லா" என்றார். வழி எப்படி மறக்கும் என்று எனக்குப் புரியவில்லை. மருந்துக்கடை விஷயம் இன்னும் வேடிக்கை. தெரு முனையில் ஒரு மருந்துக்கடை, மார்க்கெட்டுக்குள் ஒன்று. ஒரு மாதம் இங்கே வாங்கினால் அடுத்த மாதம் அங்கே.

"ரெண்டு பேருக்கும் நம்ம மூஞ்சி தெரியணும் புள்ள. ஆத்திர அவசரத்துக்குப் போயி நின்னா, யாரு நீன்னு கேட்டுறக் கூடாது பாத்துக்க."

அக்காவின் குடும்பம் தென்காசிப் பக்கம், எங்களுடையது தாராவிக்கு வந்து சேர்ந்த திருநெல்வேலிக் குடும்பம். ஆபீஸில் மற்றவர்கள் இந்தியிலும் மராத்தியிலும் பேசிக்கொள்ள, நாங்கள் இருவரும் ஊர்ப் பேச்சில் இழுத்துக்கொண்டிருப்போம். அந்த உரிமையில் நான் அவரைச் சீண்டாத நாள் இல்லை. மதியச் சாப்பாட்டின்போது, "எல்லாத்துக்கும் ஆல்டர்னேட் வச்சிருக்கீய, அண்ணனுக்கு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அந்த ஒரு ஆளுக்குத்தான் வைக்கல. அவுக மவுத்தாகி வருசம் ஆச்சு. அதான் இந்தப் பாடு" என்று புருஷன் செத்ததையும் சிரித்தபடியே சொல்லி, என் டப்பாவிலிருந்து ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒருவருக்கு இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அக்காவிடம் நேராகக் கேட்டாலோ பதில் வராது. ஆகவே நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உலகம் முழுக்க சாமான் கிடைக்காமல் சின்னக் கம்பெனிகள் எல்லாம் தவித்த சமயம் அது. எங்கள் கார்டில் மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று உண்டு, எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சேட் பதறவில்லை. லைப்ரரியில்தான் ஆல்டர்னேட் இருக்கிறதே. அக்கா எப்போதோ எழுதி வைத்தது. அதை வாங்கி, கார்டுகளில் பொருத்தி வந்த முதல் நாள் கரண்ட் கொடுத்தார்கள். குப்பென்று புகை. அடுத்ததும் புகை. அதே அளவு, அதே மூன்று கால், அதே வோல்ட். ஆனால் ஒருத்தனுக்கு ஓரத்தில் இருக்கிற கால் இன்னொருத்தனுக்கு நடுவில் இருந்தது. எழுதியபோது அக்கா கால்களின் வரிசையைக் காட்டும் படத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறார். பார்ட் கையில் வந்து கார்டில் ஏறிப் பார்த்ததே இல்லை.

சேட், "சலோ, ஹோ கயா", நடந்தது நடந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவால் அப்படிப் போக முடியவில்லை. கருகிய கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு கார்டுக்கு இவ்வளவு பயப்படுவானேன் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பேர எழுதிட்டா ஆளு வந்துருவான்னு நெனச்சிட்டேன் பாரு" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியே தெரியவில்லை.

அன்றிலிருந்து புதுச் சட்டம். கட்டத்தில் பெயர் இருந்தால் போதாது. நல்ல பார்ட் தாராளமாகக் கிடைக்கிற நேரத்திலேயே, ஒவ்வொரு முறையும் சில கார்டுகளில் ஆல்டர்னேட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூலையில் இரண்டு வாளியும் ஒரு குட்டி மோட்டாரும் வைத்திருந்தோம். ஒரு வாளித் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகும், திரும்பி வரும். நாள் முழுக்க அந்தக் கார்டு மோட்டாரை இயக்க வேண்டும். காலி-பீலி கர்ச்சா, வெட்டிச் செலவு என்று சேட் முனகினார். அக்கா காதில் வாங்கவே இல்லை. சாயங்காலம் வரை கார்டு தாங்கிவிட்டால் வாளிப் பக்கம் போய் நின்று பார்ப்பார். பிறகு ஒரே சொல்.

"ஓடுது."

கட்டத்தில் பெயர் ஏறும். அக்காவின் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இது நடந்து கொஞ்ச நாளில் அக்கா காணாமல் போக ஆரம்பித்தார். மாதத்தில் ஏதோ ஒரு நாள், முன்கூட்டிச் சொல்வதில்லை, போன் அணைந்திருக்கும். முதல் தடவை ஆபீஸ் அல்லோலகல்லோலப்பட்டது. பார்ட்ஸ் லிஸ்ட் அன்றைக்கே போக வேண்டும், லைப்ரரியைத் திறக்கிற பாஸ்வேர்ட் அக்காவிடம். நான் முட்டி மோதி எப்படியோ அனுப்பினேன். மறுநாள் அக்கா எதுவும் நடக்காததுபோல வந்து புர்காவைக் கொக்கியில் மாட்டினார்.

"எங்கக்கா போயிருந்தீய?"

"அத விடு. நேத்து எங்க முட்டுச்சு, அதச் சொல்லு."

முட்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிசெய்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா தனக்கே ஆல்டர்னேட் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்த ஆள் நான். சரி, ஆபீஸ் கதை புரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கெல்லாம் அவர் எங்கே போகிறார்? வேறு வேலை தேடுகிறார் என்றார் கணக்குப் பார்க்கிறவர். தர்காவுக்குப் போவார் என்றார் பேக்கிங் அம்மா. இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. வேறு வேலை தேடுகிற முகமா அது?

பிறகொரு நாள் அக்கா வராதபோது அவர் கையெழுத்து இல்லாமல் நகராத ஒரு வேலை வந்தது. யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் சேட். அவர் முடிப்பதற்குள் நான் பையை எடுத்துவிட்டேன்.

சீத்தா கேம்பில் கேட்டுக் கேட்டு அந்தச் சந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக் கதவைத் தட்டப் போகும்போது பின்னாலிருந்து யாரோ துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். எதிரே ஒரு தையல்கடை. வரிசையாகத் தொங்கிய ஸ்கூல் யூனிஃபார்ம்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது அக்கா. சொந்த வீட்டுக்கு எதிரே ஒளிந்துகொண்டிருக்கிறார்.

"சத்தம் போடாத. உள்ள வா. அவனுக்குக் கேட்டுரும்."

"யாருக்கு?"

"எம் மவனுக்கு."

அக்காவுக்கு மகன் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஜன்னல் வழியே தெரிந்தான். முப்பது வயதைத் தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான், விளிம்போடு விளிம்பு சேர்த்து, அத்தனை அழகாக. பேச்சு கொஞ்சம்தான், பிறந்ததிலிருந்தே அப்படி என்றார் அக்கா. பழகிய ஒழுங்கு மாறினால் அவனால் தாங்க முடியாது. குளிப்பான், துவைப்பான், குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்து வைப்பான். சாப்பாடு மட்டும் உம்மா கையால் தட்டில் வைத்ததாக இருக்க வேண்டும். காலையில் அக்கா தட்டில் சோற்றை இடப்பக்கமாக வைத்து, பொரியல் அதைத் தொடாமல் ஓரமாக வைத்து, ஆனத்தைக் கிண்ணத்தில் தனியே ஊற்றி, மூடிவிட்டு வேலைக்கு வருவார். ஆனம் என்றால் எங்கள் வீட்டில் சொல்கிற குழம்பு. மதியம் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் அவன் மூடியைத் திறந்து சாப்பிடுவான். அக்கா இரவு வந்து மறுபடி வைத்தால் மறுபடி சாப்பிடுவான். வேறு யார் வைத்தாலும் தொட மாட்டான்.

அன்றைக்கு வைத்தது பக்கத்து வீட்டு மைனி. அக்கா வைப்பதுபோலவே, சோறு இடப்பக்கம், கிண்ணம் தனி. பாங்கு சொன்னது. அவன் மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்ப மூடித் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உம்மா வைக்கல" என்ற குரல் சந்து வரைக்கும் கேட்டது.

"அவனுக்கு எப்படிக்கா தெரியுது?"

"யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியல." அக்கா தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அவன் பட்டினி கெடந்தே செத்துருவான் புள்ள. எத்தன பேர வச்சிப் பாத்துட்டேன். எல்லாம் இந்த எடத்துலதான் முட்டுது."

நான் தேடிக்கொண்டிருந்த பதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. அது கிடைத்ததில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம சும்மாத்தான இருக்க? வீட்டுக்கு வா" என்றார் அக்கா.

போனேன். முதலில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு ஞாயிறு, அக்கா வைத்த தட்டின் ஓரத்தில் ஓர் அப்பளத்தை மட்டும் என்னை வைக்கச் சொன்னார். அவன் அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டான். அடுத்தடுத்த வாரங்களிலும் ஜன்னலுக்குத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் தட்டிலேயே கிடந்தது. அதன் பின் ஒருநாள் நொறுக் என்று கடிக்கிற சத்தம் கேட்டு நானும் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அப்பளத்திலிருந்து ஊறுகாய், ஊறுகாயிலிருந்து பொரியல். பொரியல் வரை வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்துவிட்டது. சோற்றில் மட்டும் அவன் என்னைக் கைவைக்க விடவில்லை.

எல்லா நேரமும் அவன் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே வர மாட்டான். அடுப்பு இருக்கிறது, நெருப்பு ஆகாது என்று சின்ன வயதில் சொன்னது, அந்த நிலைப்படியை அவன் தாண்டியதே இல்லை.

ஒருநாள் மைனி பேச்சுவாக்கில், தான் வாழைப்பழமும் தண்ணீரும் வரை வந்துவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் ஓர் ஆல்டர்னேட்டா? அக்காவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டேன்.

"பின்ன? நீ வரலன்னா யாரு?" என்றார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

ஒரு மழைநாள் காலை மைனியிடமிருந்து போன் வந்தது. அக்காவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நினைவு இருக்கிறது, பேச விடவில்லை. சோறும் மீன் ஆனமும் பொரியலும் ஆக்கி முடித்து, தட்டில் வைப்பதற்குள் விழுந்துவிட்டார்.

நான் ஓடினேன். அதே தட்டில், அதே இடத்தில் வைத்தேன். பாங்கு சொன்னது. அவன் திறந்தான், பார்த்தான், மூடினான்.

"உம்மா வைக்கல."

என் அப்பளம், என் பொரியல், இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. மைனி வைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. "உம்மா வந்துருவாங்க, இப்பச் சாப்பிடு" என்று கெஞ்சினேன். அவன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் பசிக்காக மட்டும் இல்லை. அக்காவிடம் போய் என்ன சொல்வேன் என்று இருந்தது.

நிமிர்ந்தபோது அவன் கையில் தட்டோடு நிலைப்படியில் நின்றான்.

"அடுப்பு?" என்றான்.

"அணச்சிருக்கு."

"அடுப்பு?"

"அணச்சாச்சு. பாரு, நெருப்பு இல்ல."

ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தான். கொஞ்சம் நின்றான். மற்றக் காலையும் வைத்தான். நேராக வந்து, நாங்கள் வைத்த சோற்றைப் பானையிலேயே திருப்பிக் கொட்டினான். தட்டைக் கழுவினான். துடைத்தான். அகப்பையால் சோற்றை எடுத்து இடப்பக்கம் வைத்து, அகப்பையின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினான். அக்கா தட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. நானும் தட்டவில்லை, மைனியும் தட்டவில்லை. பொரியலை ஓரமாக வைத்தான், ஆனத்தைக் கிண்ணத்தில் ஊற்றினான், மூடினான். எடுத்துக்கொண்டு போய் அவன் இடத்தில் உட்கார்ந்தான்.

ஆனால் சாப்பிடவில்லை. பாங்குதான் முடிந்துவிட்டதே. நானும் மைனியும் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தோம். மழை விட்டது. ஒருவழியாகச் சாயங்காலத்துப் பாங்கு கேட்டது. மூடியைத் திறந்தான். பார்த்தான். சாப்பிட்டான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். அக்கா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கண்ணாலேயே கேட்டார். சொன்னேன்.

"அவனாவா வச்சான்?"

"அவனாத்தான்க்கா."

"அடுப்பு அணஞ்சிருந்துச்சா?"

"கேட்டுட்டுத்தான் உள்ள வந்தான்."

அக்கா மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"யார் யாரையோ தேடுனேன். அவன் பேரு எனக்குத் தோணவே இல்லயே புள்ள."

நர்ஸ் வந்து கையைக் காட்டினார், போதும் என்று. நான் எழுந்தபோது அக்கா என் விரலைப் பிடித்தார்.

"நாளைக்குத் தட்டு வைக்க நீ உள்ள போவாத. மைனியையும் போவ வேண்டாம்னு சொல்லு. அவள முன்னாடியே சோத்த ஆக்கி வச்சிட்டு, அடுப்ப அணச்சிட்டு வெளிய வந்துரச் சொல்லு. பாப்போம்."

மறுநாள் தையல்கடை ஸ்டூலில், யூனிஃபார்ம்களுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. யாருடைய போனையோ கெஞ்சி வாங்கியிருக்கிறார்.

"என்ன செய்யுதான்?"

"தட்ட எடுத்துட்டான்க்கா." குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "சோறு வைக்கான். இப்ப அகப்பையால தட்டுதான். மூடிட்டான்."

பாங்கு சொன்னது. போனிலும் எங்கோ தூரத்தில் இன்னொரு பள்ளிவாசலின் பாங்கு கேட்டது.

"சாப்பிடுதான்க்கா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் கடைசிக் கவளம்வரை சாப்பிட்டான், எழுந்தான், தட்டைக் கழுவினான், துடைத்துக் கவிழ்த்தான். அதையும் சொன்னேன்.

பிறகு அக்காவிடமிருந்து அந்தச் சொல் வந்தது.

"ஓடுது."